கட்டியவர் குடியிருக்கும் வீடு: விவிலியப் படைப்புமொழியின் தீர்க்கதரிசன வேர்கள்

விவிலியம் கூறும் படைப்பைப் பற்றிய விவாதம் எங்கே எழுந்தாலும், அது ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அங்கே சொல்லப்படும் நாள் இருபத்துநான்கு மணி நேரமா, யுகமா? ஒளி முதல் நாளிலும் கதிரவன் நான்காம் நாளிலும் தோன்றியது எவ்வாறு? டார்வினுக்கும் மோசேக்கும் இடையே உடன்பாடு உண்டா? இக்கேள்விகளில் எதிரெதிரே நிற்கும் இரு தரப்பாரும் ஒரு கருத்தில் மட்டும் முழுமையாக ஒன்றுபடுகின்றனர். படைப்பு என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்துவிட்ட செயல் என்பதும், அச்செயலைப் பற்றிய அறிக்கையே அந்த அதிகாரம் என்பதும் இருவருக்கும் பொதுவான எடுகோள். அறிக்கை மெய்யா பொய்யா என்பது மட்டுமே அவர்களுக்கிடையிலான வழக்கு.

அந்த எடுகோளையே ஆராய வேண்டியிருக்கிறது. எபிரேய மொழியில் படைத்தலைக் குறிக்கும் சிறப்பு வினைச்சொல் 'பாரா'. 'செய்தல்', 'வனைதல்' போன்ற பொதுவினைகளிலிருந்து இது வேறுபட்டது. படைத்தல் என்னும் பொருளில் வரும்போது இதன் எழுவாய் எப்போதும் கடவுளே. எதிலிருந்து படைக்கப்பட்டது என்னும் மூலப்பொருளை இவ்வினை ஓரிடத்திலும் ஏற்பதில்லை. இச்சொல் ஆதியாகமம் முழுவதிலும் 11 முறை வருகிறது. ஏசாயாவின் நூலில் 21 முறை வருகிறது. அவற்றுள் 20 இடங்கள் 40ஆம் அதிகாரம் முதல் வருபவை. படைப்பின் நூல் என்று உலகம் கருதும் நூலைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு, அதுவும் நாடிழந்த மக்களை நோக்கிப் பேசும் ஒரு தீர்க்கதரிசன நூலில்.

இந்த எண்ணிக்கை தற்செயலானதன்று. கிறிஸ்தவ மறைநூல் படைப்பைப் பேசும்போது அது எடுத்தாளும் மொழியின் பெரும்பகுதி எபிரேயத் தீர்க்கதரிசிகளிடமிருந்து வந்தது. அவர்களிடம் அம்மொழி ஒரு நெருக்கடியின் நடுவே உருவானது. இடிந்து கிடப்பது மீண்டும் எழுமா, எழுப்பும் ஆற்றல் எவரிடம் உண்டு, எழும்போது அதில் யார் குடியிருப்பார் என்பனவே அம்மொழிக்குப் பின்னிருந்த கேள்விகள். உலகம் எத்தனை நாளில் உண்டாயிற்று என்பது அவற்றுள் ஒன்றாக இல்லை.

1

இம்மொழியின் தொடக்கநிலையை ஆமோசிடம் காணலாம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபெயாம் வடநாடாகிய இஸ்ரவேலை ஆண்ட வளமான காலம் அது. சமாரியாவின் செல்வர் தந்தம் இழைத்த கட்டில்களில் சாய்ந்திருந்ததாக ஆமோஸ் குறிப்பிடுகிறார். அந்நகரின் அகழாய்வுகளில் நுண்ணிய தந்த வேலைப்பாடுகள் கிடைத்துள்ளன. தெற்கே தெக்கோவா என்னும் ஊரிலிருந்து வந்த இம்மேய்ப்பர் சுமத்திய குற்றச்சாட்டுகள் மிகவும் நடைமுறை சார்ந்தவை: கள்ளத் தராசு, ஒரு சோடிச் செருப்புக்காக விற்கப்படும் ஏழை, ஊர்வாயிலில் விலைபோகும் நீதி.

இக்குற்றச்சாட்டுகளின் இடையே மூன்று இடங்களில் திடீரெனப் படைப்பைப் போற்றும் துதிகள் குறுக்கிடுகின்றன: 4:13, 5:8-9, 9:5-6. இவை பழைய பாடல் ஒன்றின் சிதறல்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வரலாறு எதுவாயினும், அவை வைக்கப்பட்டுள்ள இடமே கவனத்துக்குரியது. ஐந்தாம் அதிகாரத்தின் ஏழாம் வசனம் நீதியைக் கசப்பாக்குவோரைச் சாடுகிறது. எட்டாம் வசனம் கார்த்திகை மீன்களையும் ஓரியன் மீன்கூட்டத்தையும் உண்டாக்கியவரைப் போற்றுகிறது. பத்தாம் வசனம் மீண்டும் ஊர்வாயிலுக்கே திரும்புகிறது. பதினொன்றாம் வசனத்தில் தீர்ப்பு வருகிறது: ஏழையை மிதித்துத் தானியம் பறித்தவர்கள் செதுக்கிய கல்லால் வீடு கட்டியும் அதில் வாழப்போவதில்லை, இனிய திராட்சைத் தோட்டம் நட்டும் அதன் இரசத்தைக் குடிக்கப்போவதில்லை.

விண்மீன்களுக்கும் வீட்டுக்கும் இடையே மூன்றே வசனங்கள். இரவைப் பகலாகவும் பகலை இரவாகவும் மாற்ற வல்லவர், கொள்ளையால் எழுந்த வீட்டைக் காலியாக்கவும் வல்லவர் என்பதே அந்த இணைப்பின் தருக்கம். வானத்தின் ஒழுங்கும் சந்தையின் ஒழுங்கும் ஒரே கையிலிருந்து வந்தவை; இரண்டாவதைக் குலைப்பவர் முதலாவதன் முன் பொறுப்பாளி ஆகிறார். படைப்பு இங்கே வழக்கில் அழைக்கப்படும் சான்று. அந்த வீட்டையும் தோட்டத்தையும் வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. அவை மீண்டும் வரும்.

2

படைப்பை வழக்கின் சான்றாக்கிய தீர்க்கதரிசிகள், அடுத்த நிலையில் அதைத் தலைகீழாகத் திருப்பினர். ஆமோசுக்குப் பிந்தைய நூற்றாண்டைச் சேர்ந்த செப்பனியா, யூதாவுக்கு வரும் அழிவை அறிவிக்கும்போது அழிபவற்றை ஒரு வரிசையில் அடுக்குகிறார்: மனிதர், விலங்குகள், வானத்துப் பறவைகள், கடலின் மீன்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மீன்களும் பறவைகளும் ஐந்தாம் நாளிலும், விலங்குகளும் மனிதரும் ஆறாம் நாளிலும் தோன்றுகின்றனர். அதே பட்டியலைச் செப்பனியா கடைசியிலிருந்து படிக்கிறார். அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில், கட்டிய வீட்டில் குடியிராமலும் நட்ட தோட்டத்தின் இரசத்தைக் குடியாமலும் போகும் அந்தப் பழைய சாபமும் இடம்பெறுகிறது. படைப்பின் குலைவும் வீட்டின் இழப்பும் இங்கும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

ஓசியாவின் நான்காம் அதிகாரம் இதன் காரணத்தையே கூறிவிடுகிறது. பொய், கொலை, திருட்டு ஆகியவை பெருகியதனால் நிலம் துக்கிக்கிறது; காட்டு விலங்குகளும் பறவைகளும் மீன்களும்கூட மறைகின்றன. மனித அநீதியின் விளைவை மனிதரல்லாத உயிர்கள் சுமக்கின்றன என்னும் இக்கருத்து சுற்றுச்சூழல் இயக்கங்கள் தோன்றுவதற்கு இருபத்தேழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டது.

இந்தத் தலைகீழ் மொழியின் உச்சம் எரேமியாவின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. 23ஆம் வசனம் தொடங்கி நான்கு வசனங்களும் 'கண்டேன்' என்னும் ஒரே வினையால் தொடங்குகின்றன. பூமியைக் கண்டபோது அது 'தோஹூ வபோஹூ' என்னும் நிலையில் இருக்கிறது. வானத்தில் ஒளி இல்லை. மலைகள் அசைகின்றன. மனிதர் எவருமில்லை, பறவைகள் பறந்தோடிவிட்டன. செழித்த நிலம் பாலைவனமாகிக் கிடக்கிறது.

'தோஹூ வபோஹூ' என்பது உருவமற்ற பாழைக் குறிக்கும் இரட்டைச்சொல். இதன் இரண்டாம் உறுப்பாகிய 'போஹூ' எபிரேய விவிலியம் முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது: ஆதியாகமம் 1:2, ஏசாயா 34:11, எரேமியா 4:23. ஆகவே இதைக் கேட்ட காதுகளுக்கு எரேமியா எதைச் சுட்டுகிறார் என்பதில் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆதியாகமத்தில் கடவுள் ஒவ்வொன்றையும் நல்லதெனக் 'கண்டார்'. அதே வினையை எடுத்துக்கொண்ட தீர்க்கதரிசி நான்கு முறை 'கண்டேன்' என்கிறார்; 'நல்லது' என்ற சொல் ஒருமுறையேனும் வரவில்லை. படைகள் வடக்கேயிருந்து வரப்போகும் ஒரு சிறு நாட்டின் அரசியல் பேரழிவு, ஒளி பிறப்பதற்கு முந்தைய இருளுக்கு உலகம் திரும்பியதாகவே அவர் கண்களுக்குத் தோன்றியது. அந்த அதிகாரம் பேறுகாலப் பெண்ணின் கதறலைப் போன்ற ஒரு குரலோடு முடிகிறது. அக்குரலும் பின்னர் வேறொரு மொழியில் மீண்டும் ஒலிக்கும்.

3

எரேமியா கண்டது நடந்தது. கி.மு. 597இல் ஒரு தொகுதி மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பத்தாண்டுகள் கழித்து எருசலேமும் அதன் ஆலயமும் எரிந்தன. பேரரசின் தலைநகரிலோ படைப்புக்கு வேறொரு உரிமையாளர் இருந்தார். 'எனூமா எலிஷ்' என்னும் காவியத்தின்படி, மர்தூக் என்னும் தேவன் தியாமத் என்னும் கடல்-அன்னையைக் கொன்று அவளது உடலைப் பிளந்து வானையும் மண்ணையும் அமைத்தான். கொல்லப்பட்ட ஒரு தேவனின் குருதியிலிருந்து, தேவர்களின் வேலைச்சுமையைத் தாங்குவதற்கென்றே மனிதர் செய்யப்பட்டனர். புத்தாண்டுத் திருவிழாவில் ஓதப்பட்ட இக்காவியம் பாபிலோனின் ஆட்சிக்கு அண்டமளாவிய சான்றிதழாக விளங்கியது. மர்தூக் வென்றதனால் உலகம் உண்டு. மர்தூக்கின் நகரம் ஆள்வதனால் உலகம் நிலைக்கிறது. தோற்றவரின் கடவுளுக்கு அதில் இடமில்லை.

ஏசாயாவின் 40ஆம் அதிகாரம் முதல் ஒலிக்கும் குரல் இந்தச் சூழலைச் சார்ந்தது. அப்பகுதியைச் சிறைவாசக் காலத்தைச் சேர்ந்த பெயரறியாத் தீர்க்கதரிசி ஒருவரின் ஆக்கமாகக் கருதுவது, பெர்ன்ஹார்ட் தூம் 1892இல் வெளியிட்ட உரைக்குப் பின் ஆய்வுலகில் பரவலாக வேரூன்றிய கருத்து. பாபிலோனை கி.மு. 539இல் கைப்பற்றிய பாரசீக மன்னன் கோரேசு அங்கே பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். சிறைப்பட்டோர் முன் இத்தீர்க்கதரிசி வைத்த வாதத்தின் அச்சாணியே 'பாரா' என்னும் வினை.

அந்த வினை அங்கே எடுக்கும் வடிவம் மொழியியல் நோக்கில் மிகவும் பொருள் செறிந்தது. ஆதியாகமத்தின் முதல் வரியில் அது முற்றுவினை: படைத்தார். ஏசாயாவின் பிற்பகுதியிலோ அது பெரும்பாலும் 'போரே' என்னும் வடிவில் வருகிறது. தமிழ் இலக்கணம் இதற்கு நிகரான வடிவத்தை வினையாலணையும் பெயர் என்னும்: படைக்கிறவர். எபிரேய வடிவம் காலத்தைத் தன்னளவில் காட்டுவதில்லை; எனினும் ஓயாது தொடரும் செயலை, செய்பவரின் இயல்பாகவே ஆகிவிட்ட செயலை, அது சுட்ட வல்லது. வானங்களைப் படைக்கிறவர் (42:5), ஒளியை வனைந்து இருளைப் படைக்கிறவர் (45:7) என்று தொடரும் இவ்வரிசையில், யாக்கோபைப் படைக்கிறவர் (43:1) என்பதும் சேர்கிறது. ஒரு மக்களினத்தை விடுவிப்பதும் அதே வினையின் செயப்படுபொருளாகிவிட்டது.

48:7 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நிகழப்போகும் புதியவை முற்காலத்தில் அன்றி இப்போதே படைக்கப்பட்டன என்று அவ்வசனம் அறிவிக்கிறது. 'பாரா'வோடு 'இப்போது' என்னும் காலச்சொல் சேர்ந்தவுடன், படைப்பு என்பது தொலைதூரத் தொடக்கம் மட்டுமே என்னும் எண்ணம் உடைந்துபோகிறது. 45:18 இதற்கு நோக்கத்தையும் சேர்க்கிறது: பூமி 'தோஹூ'வாகக் கிடக்கும்படி படைக்கப்படவில்லை, குடியிருக்கப்படும்படி வனையப்பட்டது. எரேமியா கண்ட பாழுக்கு எதிரே வைக்கப்பட்ட சொல் 'குடியிருத்தல்'.

இப்பகுதியை 'கடவுள் பெரியவர்' என்னும் பொதுவான துதியாக மட்டும் வாசிப்பவர்கள் அதன் துணிவை இழந்துவிடுகின்றனர். ஆலயம் எரிந்து, அரசன் சிறையிருந்து, வென்றவரின் தேவர்கள் ஊர்வலம் வரும் நகரத்தில், தோற்றுப்போன ஒரு கூட்டம் 'விண்மீன்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் எங்கள் கடவுள்' என்று சொன்னது. பேரரசின் படைப்புக்கதைக்கு அடிமைகள் அளித்த மறுமொழி அது.

4

ஏசாயாவின் இறுதி அதிகாரங்கள் மக்கள் நாடு திரும்பிய பிறகு எழுந்தவை என்பது பரவலான கணிப்பு. திரும்பியவர்களுக்குக் கிடைத்தது வறுமையும் உட்பகையும். அந்த ஏமாற்றத்தின் நடுவில்தான் 65:17 எழுகிறது: புதிய வானங்களும் புதிய பூமியும் படைக்கப்படுகின்றன என்னும் அறிவிப்பு. வினை அதே 'போரே'. அடுத்த வசனத்தில் அவ்வினையின் செயப்படுபொருள் எருசலேம், அதாவது ஒரு நகரம்.

புதிய வானம் என்றவுடன் வாசகர் மேகங்களுக்கு மேலே நோக்கலாம். ஆனால் தீர்க்கதரிசி உடனே தெருவுக்கு இறங்கிவிடுகிறார். சில நாளே வாழ்ந்து இறக்கும் குழந்தை அங்கே இராது. முதியவர் தம் நாட்களை நிறைவு செய்வார். பின்னர் 21ஆம் வசனம்: வீடு கட்டுவோர் அதில் குடியிருப்பர், தோட்டம் நடுவோர் அதன் கனியை உண்பர். 22ஆம் வசனம் இன்னும் வெளிப்படையானது: ஒருவர் கட்ட வேறொருவர் குடியேறுவது இனி இல்லை, ஒருவர் நட வேறொருவர் உண்பதும் இல்லை.

ஆமோசின் வீடும் செப்பனியாவின் தோட்டமும் இங்கே திரும்பி வந்துவிட்டன. அங்கே படைப்பின் தீர்ப்பு வீட்டைக் காலியாக்கியது. இங்கே படைப்பின் புதுமை வீட்டை அதைக் கட்டியவருக்கே அளிக்கிறது. இடையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும், படைப்பைப் பேசும் இடத்தில் வீட்டைப் பேசும் மரபு அறுபடவில்லை. தீர்க்கதரிசன மரபில் புதிய படைப்பின் அளவுகோல் உழைப்புக்கும் பயனுக்கும் இடையிலுள்ள உறவு. கட்டியவர் குடியிருக்கிறாரா என்பதே அம்மரபு கேட்கும் கேள்வி.

5

கிரேக்கத்தில் எழுதிய தொடக்கக்காலக் கிறிஸ்தவர்கள் இம்மொழியையே கையிலெடுத்தனர். எபிரேய மறைநூலை அவர்கள் பெரும்பாலும் செப்துவசிந்தா என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே வாசித்தனர்; கடன்களின் தடம் அச்சொற்களில் தெளிவாகத் தெரிகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடல் 5:17இல் பவுல் 'புதிய படைப்பு' என்கிறார். பழையவை கடந்தன, இதோ புதியவை உண்டாயின என்று தொடர்கிறார். 'பழையவை', 'இதோ', 'புதியவை' ஆகிய மூன்று சொற்களும் செப்துவசிந்தாவின் ஏசாயா 43:18-19இல் அதே வரிசையில் உள்ளவை. சிறைப்பட்டோரைப் பாலைநிலத்தினூடே மீட்டு அழைத்துவரும் பாதையைப் பேசும் பகுதி அது. சில வரிகள் கழித்து, 6:2இல், பவுல் ஏசாயா 49ஐ வெளிப்படையாகவே மேற்கோள் காட்டுகிறார். எனவே அவர் மேசையில் விரிந்து கிடந்த சுருள் எது என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் உண்டு. கிரேக்க வாக்கியத்தில் 'புதிய படைப்பு' என்பதற்கு எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. ஒருவர் கிறிஸ்துவுக்குள் இருந்தால், புதிய படைப்பு, அவ்வளவே. பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பல ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் போலவே, அந்த மனிதரே புதிய படைப்பாக இருக்கிறார் என்று வாக்கியத்தை நிறைவு செய்தது. தமிழ்ச் செவிக்கு முற்றுவினை தேவைப்படுவது இயல்பே. ஆனால் அந்த ஒரு முற்றுவினையால், மக்களின் விடுதலையையும் உலகின் புதுப்பிப்பையும் சுட்டிய சொல் தனிமனிதரின் மனமாற்றமாகச் சுருங்கிவிட்டது.

யோவான் 20:22 மற்றொரு சான்று. அஞ்சிப் பூட்டிய கதவுகளுக்குள் இருந்த சீடர்மேல் இயேசு ஊதுகிறார். அங்கே வரும் 'எனெஃபூசேசென்' என்னும் வினை புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. செப்துவசிந்தாவில் அதே வினை, களிமண் மனிதனுக்குள் உயிர்மூச்சு ஊதப்படும் ஆதியாகமம் 2:7இலும், உலர்ந்த எலும்புகள் எழும் எசேக்கியேல் 37:9இலும் வருகிறது. எசேக்கியேலும் பாபிலோனில் சிறையிருந்தவரே. அவ்வெலும்புகள் நம்பிக்கை உலர்ந்துபோன இஸ்ரவேல் வீட்டார் என்று அந்த அதிகாரமே விளக்குகிறது. தொடக்கத்தின் மூச்சு, சிறையின் பள்ளத்தாக்கு வழியாகச் சீடரின் அறைக்குள் வந்து சேர்கிறது. எபிரேயத்தின் 'ரூவாஹ்' காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்றையும் ஒருங்கே குறிப்பது. நீராவி முதல் உயிர்வரை சுட்டும் 'ஆவி' என்னும் தமிழ்ச்சொல் இதற்கு நல்வாய்ப்பாக அமைந்த இணை.

ரோமர் மடலின் எட்டாம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் முனகுகிறது. பேறுகால வேதனை தீர்க்கதரிசிகளின் நிலையான உவமை. எரேமியாவின் நான்காம் அதிகாரம் முடிந்த அதே குரல். ஒரு வேறுபாடு உண்டு: எரேமியாவில் அது சாவின் கதறல், பவுலிடம் பிறப்பை எதிர்நோக்கும் வலி.

வெளிப்படுத்தல் 21ஆம் அதிகாரம் ஏசாயா 65ஐ ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொள்கிறது: புதிய வானம், புதிய பூமி, புதிய எருசலேம். அங்கே கடல் இல்லை என்னும் வரி பலரைக் குழப்புவதுண்டு. அந்நூலில் கொடிய விலங்கு எழுந்துவந்தது கடலிலிருந்து. 18ஆம் அதிகாரத்தில் பேரரசுக்குச் சரக்கேற்றிய கப்பல்கள் ஓடியதும் அதே கடலில். அச்சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, விற்கப்படும் மனித உயிர்களில் முடிகிறது. அந்த வணிகத்தின் வழி அடைபட்டது என்பதையும் அவ்வரி உணர்த்துகிறது. 21:5இல் அரியணையிலிருந்து ஒலிக்கும் குரல் எல்லாவற்றையும் புதிதாக்குகிறேன் என்கிறது. வினை நிகழ்காலம், ஏசாயா 43:19இன் கிரேக்க வினையே அது.

6

இவ்வாசிப்புக்கு மறுப்புகள் உண்டு. தீர்க்கதரிசிகள்தாம் ஆதியாகமத்திலிருந்து கடன்வாங்கினர், எனவே வேர் அங்கேதான் இருக்கிறது என்பது ஒன்று. விவிலியத்தின் அடுக்குமுறை வேறு, நூல்கள் எழுந்த காலவரிசை வேறு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சிறைவாசக் காலத்தையோ அதை ஒட்டிய காலத்தையோ சேர்ந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதை மறுப்போரும் உள்ளனர். எது முந்தியது என்பதில் எந்தத் தரப்பு வென்றாலும் ஒன்று மாறாது: அம்மரபை நிகழ்காலத்துக்குத் திருப்பி, நீதியோடும் விடுதலையோடும் பிணைத்துக் கிறிஸ்தவர்களின் கையில் சேர்த்தவர்கள் தீர்க்கதரிசிகளே.

மற்றொரு மறுப்பு, ஞான இலக்கியத்தை முன்வைப்பது. யோவான் நற்செய்தியின் தொடக்கமும் கொலோசெயர் மடலின் கிறிஸ்துப் பாடலும் நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தின் ஞானத்துக்குக் கடன்பட்டவை என்பது உண்மை. சங்கீதங்களிலும் படைப்பு தன்னளவிலேயே கொண்டாடப்படுகிறது. படைப்பு நம்பிக்கை எப்போதும் மீட்பு நம்பிக்கைக்குக் கீழ்ப்பட்டதே என்று கெர்ஹார்ட் ஃபான் ராட் 1936இல் எழுதிய கட்டுரை அந்த அளவில் மிகைப்பட்டது; பிற்கால ஆய்வாளர் அதைத் திருத்தியது சரியே. வேர் ஒன்றுக்கு மேற்பட்டது. ஆயினும் மற்ற வேர்களைப் பேசுவோர் இவ்வேரை மறப்பதே வழக்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஓர் எச்சரிக்கை. 'வேர்' என்னும் உருவகம், மரம் வளர்ந்தபின் வேருக்குத் தனிவாழ்வு இல்லை என்னும் மயக்கத்தை உண்டாக்கக்கூடும். எபிரேயத் தீர்க்கதரிசிகள் கிறிஸ்தவத்தின் முன்னறிவிப்பாளர்களாக மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர். யூதரின் காலை வழிபாட்டில் இன்றும் ஏசாயா 45:7ஐத் தழுவிய ஆசிமொழி ஓதப்படுகிறது. மூலத்தில் 'தீமையைப் படைக்கிறவர்' என்றிருப்பது அங்கே 'யாவற்றையும் படைக்கிறவர்' என்று மென்மையாக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தின் செயலை நாள்தோறும் புதுப்பிக்கிறவர் என்றும் அவ்வழிபாடு கடவுளைப் போற்றுகிறது. அங்கும் வினையாலணையும் பெயரே. அங்கும் படைப்பு நிகழ்காலமே.

7

இத்தனையும் மொழி ஆராய்ச்சியின் நுண்மைகள்தாமா என்று கேட்கலாம். படைப்பை எந்தக் காலத்தில் வைத்து வாசிக்கிறோம் என்பது வாழ்வை எப்படி அமைக்கிறோம் என்பதோடு பிணைந்தது.

படைப்பை இறந்தகாலத்தில் மட்டும் வைப்பவர்கள் அதைக் காக்கும் வழக்கறிஞர்களாகிவிடுகின்றனர். புவியின் வயதைப் பற்றிய வழக்கில் வென்றால் போதும், ஓசியாவின் துக்கிக்கும் நிலம் அவர்களின் பேச்சில் இடம்பெறத் தேவையில்லை. படைப்பை எதிர்காலத்தில் மட்டும் வைப்பவர்களோ, இந்தப் பூமி எரிந்துபோகப் போவதுதானே என்று கைகழுவிவிடுகின்றனர். அவர்கள் சான்று காட்டும் பேதுருவின் இரண்டாம் மடல் 3:10இல், பூமி 'எரிந்துபோகும்' என்பதற்கு மாறாக, அது 'கண்டறியப்படும்' என்று பொருள்தரும் பாடமே சினாய்ப் படி, வத்திக்கான் படி ஆகிய நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் படிகளில் உள்ளது. மூன்று வசனங்கள் கழித்து அம்மடலும் ஏசாயாவின் புதிய வானத்தையும் பூமியையும் நினைவுகூர்ந்து, அங்கே நீதி குடியிருக்கும் என்கிறது. மீண்டும் அதே சொல்: குடியிருத்தல்.

இந்தியப் பெருநகரங்களில் எழும் அடுக்குமாடிகளின் அடிவாரத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்பதை அறியாதவர் இல்லை. கட்டுபவர்கள் கொட்டகையில் உறங்குகின்றனர். கட்டிடம் முடிந்ததும் கொட்டகையும் பிரிக்கப்படுகிறது. ஞாயிறுதோறும் வானத்தையும் பூமியையும் படைத்தவரை விசுவாசிப்பதாக அறிக்கையிடும் சபைகள் அக்கட்டிடங்களின் நிழலில்தான் கூடுகின்றன. ஆறு நாளா, அறுநூறு கோடி ஆண்டா என்று அங்கே விவாதம் நடக்கலாம். ஆமோசும் செப்பனியாவும் ஏசாயாவும் அவ்விவாதத்தைக் கேட்க நேர்ந்தால், வெளியே வந்து கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதைக் கட்டியவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

படைப்பைப் பற்றிய கேள்வியாகவே அவர்கள் அதைக் கேட்பார்கள்.